கால்மிதியைச் சுருட்டி வையுங்கள்: நாய்க்குட்டிக்குக் கழிப்பிடப் பழக்கம், முதல் நாளிலிருந்து

வீட்டுக்கு வந்த முதல் நாள் எங்கள் நாய்க்குட்டி கடுகு எட்டு முறை ஒன்னுக்குப் போனாள். அதில் ஆறு முறை கால்மிதியில். வாசல் கால்மிதி, குளியலறைக் கால்மிதி, அடுப்பங்கரை ஸிங்குக்குக் கீழே கிடக்கும் பழைய துண்டு. நடுவில் ஹால் முழுக்க டைல்ஸ் காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டிப் போய், தேடிப்பிடித்து, கால்மிதியில் உட்கார்ந்தாள். "வேணும்னே பண்றா பாரு" என்றார் அத்தை.

வேண்டுமென்று ஒன்றும் இல்லை. ஒரு கடையின் பின்பக்கம் சாக்குகளுக்கு நடுவே பிறந்த நாட்டுக் குட்டி அவள். காலுக்கடியில் சொரசொரவென்று, ஈரத்தை உறிஞ்சுகிற ஏதாவது இருந்தால் அங்கே உட்காரலாம் என்று ஒன்பது வாரத்தில் அவள் உடம்பு பழகியிருந்தது. எங்கள் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் அந்த லட்சணம் பொருந்திய ஒரே பொருள் கால்மிதி.

இது பிடிபட்டால் பாதி வேலை குறையும். நாய்க்குட்டிக்கு வீடு, வெளி என்ற பேதம் தெரியாது. அதன் காலுக்குத் தெரிவது தரை. பிறந்து முதல் மூன்று வாரம்வரை தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு ஒன்னுக்கோ ரெண்டுக்கோ வரும்; சுத்தம் செய்வதும் தாயேதான். பிறகு குட்டி தள்ளாடி எழுந்து, படுக்கையை விட்டுச் சற்றுத் தள்ளிப் போய் ஒன்னுக்கு, ரெண்டுக்கு இருக்கக் கற்கிறது. எட்டு, ஒன்பது வாரத்துக்குள் எந்த மாதிரித் தரை என்பது ஓரளவு படிந்துவிடும். மாற்ற முடியாததல்ல. ஆனால் வெற்றுப் பலகையில் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் ஏமாற்றம்தான்.

குட்டி வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

குட்டி எங்கே வளர்ந்தது என்று முதலில் கேளுங்கள். சிமெண்ட் தரையா, மண்ணா, செய்தித்தாளா, கம்பிக் கூண்டா? கம்பிக் கூண்டிலேயே கிடந்த குட்டி தன் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒன்னுக்கு இருந்து பழகியிருக்கும். அதற்கு ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் ஐந்து வாரக் குட்டியை வாங்காதீர்கள். தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்து கற்க வேண்டியதைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு வருகிறோம், பிறகு அதை நம்மால் கற்றுக்கொடுக்க முடிவதில்லை.

அடுத்து இடத்தை முடிவு செய்யுங்கள். ஒரே இடம். தனி வீடு என்றால் கொல்லைப்புறத்தில் ஒரு மூலை. வாசல் பக்கம் வேண்டாம். விடிகாலைக் கோலத்துக்கும் குட்டிக்கும் தினம் பஞ்சாயத்து நடக்கும், அரிசி மாவுக் கோலமாக இருந்தால் நக்கவும் செய்யும். ஆண் குட்டி என்றால் துளசி மாடத்திலிருந்து தள்ளியே இடம் பாருங்கள். ஆறாவது, ஏழாவது மாதம் காலைத் தூக்க ஆரம்பிக்கும்போது நிமிர்ந்து நிற்கிற எதுவும் அதற்கு அழைப்புதான்.

ஃப்ளாட் என்றால் பால்கனி. மொட்டை மாடி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஏப்ரல், மே மாதத்தில் அங்கே யாராவது வடாம் காயப் போட்டிருப்பார்கள், அதற்கப்புறம் அசோசியேஷன் கூட்டத்தில் நீங்கள்தான் பேசுபொருள். அதோடு நண்பகலில் அந்தத் தரை உங்கள் உள்ளங்கையையே சுடும், குட்டியின் பாதம் என்ன ஆகும்?

பிறகு எல்லாக் கால்மிதியையும், கம்பளத்தையும், தரையில் கிடக்கும் பாயையும் சுருட்டிப் பரணில் போடுங்கள். சில மாதங்களுக்கு ஈரக் காலோடு நடப்பீர்கள், பரவாயில்லை.

தரையைத் தேர்ந்தெடுப்பது

பலரும் செய்தித்தாள் விரிப்பதில் தொடங்குகிறார்கள். இரண்டே வாரத்தில் குட்டி பழகிவிடும், உண்மைதான். அப்புறம் தாத்தா காலையில் பேப்பரைத் தரையில் விரித்து, கண்ணாடியைத் தேடி உள்ளே போய் வருவதற்குள் தலைப்புச் செய்தி நனைந்திருக்கும். கடையில் விற்கும் உறிஞ்சு விரிப்புகளும் இதே கதைதான். காலுக்குத் துணி மாதிரி இருப்பதால் பழகிய குட்டி நாளைக்குக் கால்மிதியையும், கட்டிலிலிருந்து நழுவிய போர்வையையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. பயணத்துக்கும், நோய்வாய்ப்பட்ட குட்டிக்கும் அவை உதவும். பழக்கத்துக்கு வேண்டாம்.

பின்னாளில் எந்தத் தரையில் போக வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதையே முதல் நாளிலிருந்து கொடுங்கள். எங்களுக்கு அது மண்ணும் புல்லும். நர்சரியில் புல்தரையைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். 3 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் ட்ரே ஒன்றில் இரண்டு அங்குலம் மண் போட்டு, அதன்மேல் அந்தப் புல்லை விரித்தோம். ட்ரேயின் அடியில் ஓட்டை போட்டு, கீழே இன்னொரு ட்ரே வைக்க வேண்டும். நாங்கள் முதலில் ஓட்டையை மட்டும் போட்டோம். இரண்டாம் மாடியில் துணி காயப் போட்டிருந்த அம்மா மேலே ஏறி வந்தபிறகுதான் அடி ட்ரே வாங்கினோம்.

புல் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகிவிடும். பழையதை மொத்தமாகத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கைப்பிடி பழைய மண்ணைப் புதிய மண்ணின்மேல் தூவினால் குட்டி மூக்கை வைத்ததும் இடத்தைப் புரிந்துகொள்ளும்.

ட்ரே எதற்கு, நேராகத் தெருவுக்கே கூட்டிப் போகலாமே என்று தோன்றும். தடுப்பூசி முடியாத குட்டியை, மற்ற நாய்கள் வந்து போகிற மண்ணில் இறக்கக் கூடாது. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போடப்படும்; பிறகு இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில் தொடர்ந்து, 16 வாரம் ஆகும்வரை போடுவார்கள். வெறிநாய்க்கடிக்கான ஊசி மூன்று மாதத்தில். மழைக்காலத் தெருத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும், அதிலிருந்து லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும், மனிதருக்கும் வரும். எனவே எப்போது தெருவில் இறக்கலாம் என்பதை உங்கள் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். அதுவரை ட்ரே, அல்லது வேறு நாய்கள் வராத, சுற்றுச்சுவருக்கு உட்பட்ட கொல்லை.

உடம்பின் கணக்கு

குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். இது பகலில் தூங்குகிற, சும்மா படுத்திருக்கிற குட்டிக்கான உச்சவரம்பு, ராத்திரித் தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் நீளும். விழித்து ஓடியாடும் குட்டிக்கு அரை மணி, முக்கால் மணிதான்.

கடிகாரத்தைவிட நம்பகமானவை நான்கு சந்தர்ப்பங்கள். தூங்கி எழுந்த உடனே. தண்ணீர் குடித்தால் பத்திருபது நிமிடத்தில். சாப்பிட்டால் ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள், ஏனென்றால் வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கிவிடும், இது ரெண்டுக்கு நேரம். நான்காவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்: விளையாட்டின் நடுவில். ஏழு வயது மகள் ஹாலில் ஓட, கடுகு பின்னாலேயே ஓட, திடீரென்று குட்டி நின்று தரையை முகர்ந்து ஒரு வட்டம் போடும். அந்த வட்டம் முடிவதற்குள் தூக்கிவிட வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது மூன்று விநாடி.

ஒவ்வொரு குட்டிக்கும் தனிக் கணக்கு உண்டு, அதை எழுதித்தான் கண்டுபிடிக்க முடியும். நாங்கள் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். '6.10 ஒ. 7.05 சாப்பாடு. 7.20 ரெ. 7.50 ஒ, ஹாலில்.' நான்கு நாள் தாளைச் சேர்த்துப் பார்த்தபோது, காலைச் சாப்பாட்டுக்குப் பின் சரியாகப் பதினைந்தாவது நிமிடம் ரெண்டுக்கும், அதிலிருந்து அரை மணியில் இன்னொரு ஒன்னுக்கும் வருவது தெரிந்தது. அந்த இரண்டாவதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஹாலில் நடந்த தவறுகளில் பாதி அதுதான்.

ஒரு நாள் எப்படி ஓடும்

குட்டியின் சத்தம் கேட்டதும், அநேகமாக ஐந்தரை ஆறு மணிக்கு, பல் தேய்க்கும் முன், காபிக்கு முன், தூக்கிக்கொண்டு நேராக ட்ரேக்கு. நடக்க விடாதீர்கள், வழியிலேயே முடித்துவிடும். வந்த முதல் நாளும் அப்படித்தான்: ஆட்டோவை விட்டு இறங்கியதும் வீட்டைச் சுற்றிக் காட்டாமல் முதலில் ட்ரேயில் இறக்க வேண்டும். நாங்கள் பூஜையறையைக் காட்டப் போய்ப் பட்டோம்.

ட்ரேயில் இறக்கிவிட்டு அசையாமல் நில்லுங்கள். பேச்சுக் கொடுத்தால், கொஞ்சினால், போனில் வெளிச்சம் அடித்தால் வந்த வேலையை மறந்துவிடும். பால்கனிக் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம். வெட்டவெளி என்றால் நாலடிக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நில்லுங்கள். உலாத்த விட்டால் உலாத்தத்தான் செய்யும். உட்காரத் தொடங்கும்போது ஒரே ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் "ஒன்னுக்கு". வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அத்தை "சூ சூ" என்றும், மகள் "சீக்கிரம் கடுகு" என்றும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாரம் முழுக்க வீண். சொல் பழகிவிட்டால் அதன் பலன் பின்னால் தெரியும். மழையில் குடையோடு நிற்கும்போது, ரயிலுக்குக் கிளம்பும்போது, ஒரு சொல்லில் வேலை முடியும்.

முடித்ததும் வெகுமதி. முடித்ததும் என்றால் இரண்டு விநாடிக்குள், அதே இடத்தில். உள்ளே வந்து டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தால், உள்ளே ஓடி வந்ததற்குக் கிடைத்த பரிசு என்று குட்டி எண்ணிக்கொள்ளும். வேகவைத்த கோழியோ முட்டையோ காரட்டோ சுண்டுவிரல் நகம் அளவு போதும். திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் வெங்காயமும் கூடாது. பாயசத்துக்கு வறுத்த திராட்சையை அன்பாகக் கொடுக்கிற கை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு என்பதால் சொல்கிறேன்.

கொடுத்த கையோடு உள்ளே இழுத்து வராமல் இரண்டு நிமிடம் அங்கேயே விளையாடுங்கள். ஒன்னுக்குப் போனால் ஜாலி முடிந்தது என்று புரிந்துகொண்ட குட்டி அடக்கி வைத்துக்கொண்டு ஊர் சுற்றும்; வீட்டுக்குள் வந்ததும் ஒன்னுக்கு இருக்கும்.

ஐந்து நிமிடம் நின்றும் போகவில்லையா? உள்ளே கொண்டுவந்து, விடாமல், மடியிலோ கூண்டிலோ பத்து நிமிடம் வைத்திருந்து மறுபடி கூட்டிப் போங்கள். "போகலையே, அப்ப வரலை போல" என்று ஹாலில் இறக்கிவிட்டீர்கள் என்றால் மாப்பைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து தடவை. முதல் இரண்டு வாரம் இது முழு நேர வேலை. வீட்டில் எல்லோரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத் திரும்புகிறவர்கள் என்றால் இரண்டு மாதக் குட்டியை இப்போது கொண்டுவராதீர்கள். கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு வயது கடந்த, காப்பகத்தில் வளர்ந்த நாயைப் பாருங்கள். அதற்கு அடக்கவும் தெரியும், இரண்டு வாரத்தில் உங்கள் வீட்டு நேரமும் பிடிபடும்.

உள்ளே இருக்கும்போது: கண், கயிறு, கூண்டு

உள்ளே குட்டி இந்த மூன்றில் ஒன்றின் பிடியில் இருக்க வேண்டும். நான்காவதாக 'இங்கதான் எங்கேயோ இருந்துச்சு' என்று ஒன்று இருக்கிறது, எல்லா விபத்தும் அதில்தான்.

கண் என்றால் போன் பார்க்காத கண். சமையல் செய்யும்போது குட்டியின் கயிற்றை என் இடுப்பில் முடிந்துகொள்வேன். ஆறடிக் கயிறு, தாளிக்கும்போது மட்டும் மேசைக் காலில். எண்ணெய் தெறிக்கிற இடத்தில் குட்டி காலடியில் நிற்கக் கூடாது.

கூண்டு என்றதும் அத்தை அழாத குறை. "பச்சப்புள்ளய அடைக்கலாமாம்மா, பாவம் இல்ல?" நாய் இயல்பாகவே கட்டிலுக்கடியிலும் சோபாவுக்குப் பின்னாலும் புகுந்து படுக்கிற பிராணி, மேலே கூரை, மூன்று பக்கம் மறைவு என்றால் அதற்கு நிம்மதி. படுக்கிற இடத்தை நனைக்காமல் இருக்கவே குட்டி முயலும். அந்த இயல்பைத்தான் கூண்டு பயன்படுத்திக்கொள்கிறது. அளவு முக்கியம்: நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க. அதற்கு மேல் இடம் இருந்தால் ஒரு மூலை படுக்கையறை, மறு மூலை கக்கூஸ். வளரும் குட்டிக்குப் பெரிய கூண்டு வாங்கி, நடுவில் அட்டைப் பெட்டியை வைத்து அடைத்துக்கொள்ளலாம். கதவைத் திறந்து வைத்து, சாப்பாட்டை உள்ளே வைத்து, மூன்று நான்கு நாளில் பழக்குங்கள். தண்டனைக்கு ஒருபோதும் அதை உபயோகிக்காதீர்கள். பகலில் வயதுக் கணக்குக்கு மேல் ஒரு மணி நேரம்கூட அடைத்து வைக்காதீர்கள். திரும்பத் திரும்பப் படுக்கையிலேயே ஒன்னுக்கு இருக்க நேர்ந்துவிட்டால் அந்த இயல்பு கெட்டுப்போகும், பிறகு கூண்டால் பயனில்லை. கூண்டுக்குள் மெத்தென்ற துணி போட்டதும் நனைக்கிறது என்றால் துணியை எடுத்துவிடுங்கள், இங்கும் அது காலின் சங்கதிதான்.

தவறு நடந்தால்

நடக்கும். கண் முன்னால் நடந்தால் கையை ஒரு தட்டு தட்டி "ஏய்" என்று நிறுத்தும் அளவுக்கு மட்டும் குரல் கொடுத்து, தூக்கி ட்ரேயில் விடுங்கள். மீதியை அங்கே முடித்தால் வழக்கம்போல் பரிசு. பத்து நிமிடம் கழித்து ஈரத்தைக் கண்டுபிடித்தால் ஒன்றும் சொல்லாமல் துடையுங்கள்.

மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது. இதைச் சொல்லாத பெரியவர்கள் இல்லை. அந்த அடியை குட்டி எதனோடு சேர்க்கும் தெரியுமா? தரையோடு அல்ல, உங்களோடு. 'இவர் முன்னால் இருந்தால் அடி விழும்' என்பதுதான் பாடம். அடுத்த நாளிலிருந்து சோபாவுக்குப் பின்னால் போய் ஒன்னுக்கு இருக்கும். வெளியே கூட்டிப்போனாலும் நீங்கள் நிற்கும்போது போகாது. தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, பக்கவாட்டில் பார்க்கிறதே, அது குற்ற உணர்ச்சி என்று நாம் நினைக்கிறோம். அது உங்கள் முகத்தைப் படித்து வந்த பயம்.

துடைப்பதில் தவறு செய்கிறவர்கள்தான் அதிகம். நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் பினாயில். நமக்கு வாசனை போய்விடும், குட்டியின் மூக்குக்கு அடியில் கிடப்பது அப்படியே இருக்கும், மறுநாள் அங்கேயே வரும். அதைவிட முக்கியம், கறுப்பு பினாயிலில் இருக்கும் பீனால் வகைகள் பாதத்தோல் வழியாகவும், பாதத்தை நக்குவதாலும் உள்ளே போய்க் குட்டிக்குக் கெடுதல் செய்யும். அம்மோனியா கலந்த திரவங்களும் வேண்டாம், சிறுநீரின் வாடையே கிட்டத்தட்ட அதுதான். ப்ளீச்சிங் பவுடரைச் சிறுநீர்மேல் கொட்டாதீர்கள், வினிகரோடும் கலக்காதீர்கள், இரண்டிலும் நச்சு வாயு வரும்.

செய்ய வேண்டியது இது. முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் (நொதி) திரவத்தை ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஈரமாகவே விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுத் துடைத்தால் காசு தண்டம், என்சைம் வேலை செய்ய நேரம் வேண்டும். டைல்ஸின் நடுவே இருக்கும் இணைப்புக் கோட்டில்தான் சிறுநீர் இறங்கித் தங்கும், அங்கே கொஞ்சம் தாராளமாக. கைவசம் இல்லையென்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போட்டு மூன்று மாதம் ஊறவைக்கிற வீட்டு பயோ என்சைமையும் முயன்றேன். தினசரித் துடைப்புக்குப் பரவாயில்லை. நனைந்த மூலையின் வாடைக்குப் போதவில்லை. கல் தரை, மார்பிள் என்றால் வினிகரோ பழத்தோல் திரவமோ பளபளப்பை அரித்துவிடும், கவனம்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால், நன்றாகச் சுத்தம் செய்து காய்ந்தபின் அங்கே குட்டியின் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். தின்கிற இடத்தில் ஒன்னுக்கு இருக்க அதற்கு மனசு வராது.

ராத்திரி

படுப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாம். கத்திரி வெயில் நாளில் அதைச் செய்யாதீர்கள். கொஞ்சமாக வைத்துவிட்டு ராத்திரி ஒரு தடவை கூடுதலாக எழுந்துகொள்ளுங்கள். பத்தரைக்குக் கடைசி முறை. கூண்டு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஹாலில் விட்டால் அது முனகுவது உங்களுக்குக் கேட்காது. இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணிக்கு ஒரு அலாரம், ஐந்துக்கு ஒன்று. விளக்குப் போடாமல், பேசாமல், ட்ரே, பரிசு, கூண்டு. நடுநிசியில் கொஞ்சிவிட்டால் மறுநாளும் அதே நேரத்துக்கு விளையாடக் கூப்பிடும். மூன்று நாளைக்கு ஒரு முறை அலாரத்தைக் கால் மணி தள்ளி வையுங்கள். கடுகு பதினாலாவது வாரத்தில் பதினொன்றிலிருந்து ஐந்தரைவரை தூங்கினாள். நானும்.

வயிற்றைச் சரிசெய்யாமல் நேரம் சரிப்படாது

நேரம் தவறாத சாப்பாடு என்றால் நேரம் தவறாத ரெண்டுக்கு. மூன்று மாதம்வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு இரண்டு. தட்டை இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கிண்ணம் நிறைய வைத்திருந்தால் எப்போது வெளியே வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

குட்டி என்றதும் நம் ஊரில் பசும்பால்தான். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும்; அடக்கச் சொன்னால் அது எப்படி அடக்கும்? தயிர்சாதம் மட்டுமே போடுவதும் வளரும் குட்டிக்குப் போதாது, புரதம் வேண்டும். உணவை மாற்றுவதானால் பழையதையும் புதியதையும் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். பூச்சி மருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறை. இது குட்டிக்காக மட்டுமல்ல. உருண்டைப் புழுவும் கொக்கிப் புழுவும் மலத்தின் வழியாக மண்ணுக்குப் போய், வெறுங்காலோடு விளையாடும் குழந்தைக்கும் வரக்கூடும். மண் ட்ரேயைக் குழந்தை கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

பழக்கம் பின்வாங்கும் நாட்கள்

ஐப்பசி, கார்த்திகையில் ட்ரேயும் புல்லும் ஊறிக்கிடக்கும். காலில் ஈரம் பட்டதும் கடுகு பின்னங்காலை உதறிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். ட்ரேயின்மேல் ஒரு தார்ப்பாய் கட்டினோம், சரியானது. தெருவுக்குப் பழகிய நாய் என்றால் குடையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நனைவதைத் தவிர வழியில்லை.

தீபாவளி வேறு ரகம். சரவெடிக்குப் பயந்த குட்டி அடக்கவும் முடியாமல், வெளியே போகவும் முடியாமல் தவிக்கும். அந்த மூன்று நாளும் வெடிச்சத்தம் ஓய்ந்த விடிகாலையில் ஒரு முறை, பொழுது சாயுமுன் ஒரு முறை கூட்டிப் போங்கள். உள்ளே நடந்ததைக் கணக்கில் வைக்காதீர்கள். மிரண்ட குட்டி திமிறி ஓடிவிடும், கயிறு இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள்.

விருந்தாளி வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டே தரையை நனைப்பது பழக்கக் குறைவு அல்ல. சந்தோஷத்திலும் பணிவிலும் சொட்டிவிடுகிறது. குனிந்து தலையைத் தடவாமல், கண்ணைப் பார்க்காமல், முதல் ஐந்து நிமிடம் கண்டுகொள்ளாமல் இருங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது

நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து இரண்டு சொட்டு விடுகிறது, முக்குகிறது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறது என்றால் அது சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம். பெண் குட்டிகளுக்கு அதிகம். பெரிய குளம் என்றால் நீங்கள் நேரம் தவறவிட்டீர்கள், சின்னச் சின்னச் சொட்டு என்றால் மருத்துவர். தூக்கத்தில் நனைவது, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, சிறுநீரில் சிவப்பு, இவையும் அப்படித்தான். வாந்தியோடு ரத்தம் கலந்த பேதி, சோர்ந்து படுத்துவிடுவது என்றால் பார்வோவாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள், அன்றைக்கே ஓடுங்கள்.

ட்ரேயிலிருந்து தெருவுக்கு, ஒரு அறையிலிருந்து வீட்டுக்கு

ஊசிகள் முடிந்து மருத்துவர் சரி என்றதும், ஒரு டப்பாவில் ட்ரேயின் பழைய மண்ணை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். மரத்தடியில், எப்போதும் அதே மரத்தடியில், அதைத் தூவுங்கள். கடுகு முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் நாள் உட்கார்ந்தாள். விடிகாலைதான் தோது, தெரு நாய்கள் அப்போது பெரும்பாலும் அசந்து கிடக்கும். பையும் பழைய பேப்பரும் கையில் இருக்கட்டும், ரெண்டுக்கு போனால் அள்ளிவிடுங்கள். செல்லப்பிராணியை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று தடுக்க முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆனால் மாடிப்படியில் ஒரு முறை நனைத்துவிட்டு அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டிப் பயனில்லை. லிஃப்டில் குட்டியைக் கையில் வைத்திருங்கள்.

பால்கனி ட்ரேயை உடனே எடுக்காதீர்கள். கீழே போவது ஒரு மாதம் தவறாமல் நடந்தபின் கதவிலிருந்து தள்ளித் தள்ளி வைத்து அகற்றுங்கள்.

வீட்டையும் அறை அறையாகத்தான் திறந்துவிட வேண்டும். ஒரு அறையில் மூன்று வாரம் ஒரு விபத்தும் இல்லை என்றால் அடுத்த அறை. தவறினால் ஒரு படி பின்னால். பெரும்பாலான குட்டிகளுக்கு நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேறிவிடும். சிறிய இனங்களுக்குச் சிறுநீர்ப்பை சிறிது, கொஞ்சம் கூடுதலாகலாம். நடுவில் குட்டி தானாகக் கேட்க ஆரம்பிக்கும். கடுகு பால்கனிக் கதவடியில் போய் உட்கார்ந்து எங்களைப் பார்ப்பாள், சத்தமே இல்லாமல். யாரும் கவனிக்காமல் இரண்டு முறை ஏமாந்தபின், மகளின் பழைய கொலுசிலிருந்து நாலு சலங்கையை எடுத்து மூக்கு எட்டும் உயரத்தில் கதவில் கட்டினோம். வெளியே போகும்போதெல்லாம் அவள் பாதத்தால் அதை ஒரு தட்டு தட்டவைத்தோம். பத்து நாளில் தானே தட்டினாள். பக்கத்து பால்கனியில் பூனை வந்தாலும் தட்டுகிறாள், அது வேறு.

கால்மிதியை எல்லாவற்றுக்கும் கடைசியாகத் திரும்பப் போடுங்கள். முதலில் ஒன்று, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், அவள் ஒன்னுக்குப் போய் வந்த உடனே. அதில் உட்கார்ந்தால் மறுபடி சுருட்டி இரண்டு வாரம் பரணில். எங்கள் வீட்டில் குளியலறைக் கால்மிதி ஏழாவது மாதம் இறங்கியது. வாசல் கால்மிதி ஒன்பதாவது மாதம் வந்தது, இப்போது அதன்மேல்தான் தூங்குகிறாள்.